வட்டாரத்தைக் கேட்டு வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண்களையும் உள்ளூராட்சி சபைகளையும் பற்றியவை. திருகோணமலை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் 2018 முதல் 2023 மார்ச் வரை உறுப்பினராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். அதற்கு முதல் பாலர் பாடசாலை ஆசிரியை. இப்போதும் அதே வேலைதான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அக்கா, மாதர் சங்கத்தில் எட்டு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். 2025 மே தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க முதல்நாள் இரவு வந்து அடையாள அட்டைப் பிரதி வாங்கிப் பட்டியலில் என் பெயரைப் போட்டார்கள். வெயில் பார்க்காமல் வீடு வீடாகத் திரிந்தேன். கட்சிக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது, ஆனால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘உங்களுக்கு அடுத்த முறை பார்ப்போம்’ என்கிறார்கள். மாமி ‘இனி அந்தப் பக்கமே போகாதே’ என்கிறா. போகவா, விடவா? – வாசகி, சாம்பல்தீவு

போங்கள் தங்கச்சி. ஆனால் வேறு வாசலால் போங்கள்.

உங்களுக்கு நடந்ததைச் சட்டம் தடுக்கவில்லை, அதுதான் எனக்கு வேதனை. சபையின் இடங்களில் 60 வீதம் வட்டாரங்களில், அதாவது சபைப் பகுதியைப் பிரித்த சிறு தொகுதிகளில், வென்றவர்களுக்கும், 40 வீதம் கட்சிகள் எடுத்த வாக்கைப் பார்த்துப் பட்டியலுக்கும் போகிறது. கட்சி இரண்டு பத்திரம் கொடுக்கும். வட்டார வேட்பாளர்களின் பெயர் உள்ள முதல் பத்திரத்தில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் இருந்தால் போதும். இரண்டாவது பத்திரமான மேலதிகப் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கணக்குக் குறைந்தால் மனு நிராகரிக்கப்படும். அந்தப் பயத்தில்தான் இரவில் வந்து உங்கள் கதவைத் தட்டினார்கள். பிறகு, பட்டியலில் கிடைத்த இடத்துக்கு யாரை அனுப்புவது என்பது கட்சிச் செயலாளரின் கையில். பெயர் வரிசைப்படி போக வேண்டியதில்லை, வட்டாரத்தில் நின்று தோற்றவரையும் போடலாம். இதையெல்லாம் அன்று இரவு யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? எனக்கும் சொல்லவில்லை.

2017 டிசம்பர், நல்ல அடைமழை. கரண்ட் போயிருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். மழைக்கோட்டோடு இருவர் வந்து பத்திரத்தை அடுப்படித் திட்டில் வைத்தார்கள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். சரியாகத் துடைபடவில்லை, தாளின் ஓரத்தில் மாவு விரல் பதிந்துவிட்டது. “பரவாயில்லை டீச்சர், பேருக்குத்தானே” என்றார் வந்தவர்.

அந்தப் ‘பேருக்குத்தானே’ ஐந்து வருடம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இடம் தந்தார்கள். தந்த கிழமையே இன்னொரு தாளும் வந்தது: இராஜினாமாக் கடிதம். திகதியை வெறுமையாக விட்டுக் கையெழுத்து மட்டும் வைக்கச் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொருவருக்கு இடம் கொடுக்க வேண்டுமாம். என் அப்பா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர், திகதி இல்லாத தாளில் கையெழுத்து வைக்காதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். நான் வைக்கவில்லை. பக்கத்துச் சபை ஒன்றில் வைத்த பிள்ளை பதினாலாம் மாதம் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு வேலை பிடிபடத் தொடங்கியிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரியும். யார் அப்படி ஒரு கடிதத்தை நீட்டினாலும் வாங்கி மடித்து உங்கள் பைக்குள் வையுங்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள்.

வேறு வாசல் என்றது வட்டாரத்தைத்தான். சபைக்குள் நான் எழுந்து எதைக் கேட்டாலும் “நீங்கள் எந்த வட்டாரம்?” என்பதுதான் முதல் கேள்வி. வீதி, லைட், வடிகான் எல்லாம் வட்டாரக் கணக்கில் பிரிபடும். பட்டியலால் வந்தவர்களுக்கு ‘மிச்சம் இருந்தால் பார்ப்போம்’. சனம் வாக்குப் போட்டு அனுப்பிய பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை, சின்னத்துக்கு ஒரு புள்ளடி மட்டும்தான். பாராளுமன்றத் தேர்தல் மாதிரிச் சொந்தக் கட்சிக்காரரோடு இலக்கத்துக்கு அடிபட வேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பது எட்டு வருடம் சங்கம் நடத்திய உங்களுக்குத் தெரியும். இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இப்போதே எழுதுங்கள். ‘இன்ன வட்டாரத்தில் போட்டியிட விரும்புகிறேன்’ என்று மாவட்ட அமைப்பாளருக்கு ஒரு கடிதம், பிரதி கட்சியின் பொதுச் செயலாளருக்கு. பதிவுத்தபாலில் போடுங்கள், துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சங்கப் பெண்கள் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. தரமாட்டோம் என்றால் சுயேச்சைக் குழுவும் இருக்கிறது, ஆனால் முழுப் பட்டியலையும் நிரப்ப வேண்டும், கட்டுப்பணமும் அதிகம். செலவை முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான்.

மாமியின் பயம் சும்மா வந்ததல்ல. 1998இல் யாழ்ப்பாணத்தின் மேயரான சரோஜினி யோகேஸ்வரனைச் சில மாதங்களிலேயே வீட்டில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். மாமியின் வயதுக்காரருக்கு அரசியல் என்றால் அந்தப் படம்தான் கண்ணுக்குள் வரும். அதே மாநகர சபைக்கு 2025இல் ஒரு பெண் மேயராக வந்திருக்கிறார், அதையும் சொல்லுங்கள். ஒருநாள் சங்கக் கூட்டத்துக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்துங்கள். நீங்கள் பேசுவதை அவ கேட்டிருக்கவே மாட்டா.

தகுதி உள்ளவர் ஆணோ பெண்ணோ வரட்டும். சட்டம் போட்டு 25 வீதம் என்று ஆட்களை இருத்துவதால் ஊருக்கு என்ன கிடைத்தது? – வாசகர், மூதூர்

தம்பி, 1931இல் இந்த நாட்டில் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அந்த வருடமே அரச சபைக்கு ஒரு பெண் தெரிவானார், அடலின் மொலமுறே. அடுத்த வருடம் வடகொழும்பில் நேசம் சரவணமுத்து. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர் எங்களுடையவர். அப்படித் தொடங்கிய நாட்டில், 2018க்கு முதல் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்ற 98 பேரிடமும் ஒருவரும் தகுதியைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சபையில் நாலில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2018இல் நூற்றுக்கு 22க்கு மேல் வந்தோம், ஏறத்தாழ 1,900 பெண்கள். தமிழ்நாட்டில் உள்ளூராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்டீர்கள், நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பிரதான வீதியில் பஸ் இறங்கி உள்ளே வர ஒரு ஒழுங்கை, இருபுறமும் பனைவடலி. டவுனில் கடையில் நிற்கிற பிள்ளைகள் இரவு ஏழரை, எட்டுக்கு இறங்குவார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள், செருப்புச் சத்தம் கேட்டால் ஆள் வருவது தெரிந்துவிடும் என்று. என் மாணவி ஒருத்தியின் தாய் சொல்லித்தான் எனக்கே இது தெரியும்.

மூன்று அமர்வில் எழுந்து சொன்னேன். எங்கள் வரிசைக்கு மைக் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். நாலாவது முறை எழுத்தில் பிரேரணையாகச் சபைச் செயலாளரிடம் முதலிலேயே கொடுத்தேன். எழுத்தில் போனால் நிகழ்ச்சிநிரலில் ஏற வேண்டும், பதில் சொல்லியாக வேண்டும். கட்சி பார்க்காமல் ஐந்து பெண் உறுப்பினர்கள் அதில் கையெழுத்து வைத்தோம். தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்றும் அந்த ஐந்துக்குள் இருந்தது. அவர்களில் ஒரு சிங்களச் சகோதரி “எங்கட ரோட்டிலும் பிள்ளைகள் இப்படித்தான் ஓடுறது” என்று தமிழிலேயே சொன்னா. அதற்குப் பிறகு சபையில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒழுங்கைக்கு ஒன்பது லைட் வந்தது.

அந்த ஒழுங்கையால் எத்தனையோ வருடம் ஆண் உறுப்பினர்களும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தவர்கள்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி. அவர்களுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டி வரவில்லை.

25 வீதம் சட்டம் என்றால் சில சபைகளில் அதற்குக் குறைவாக இருப்பது எப்படி? – வாசகி, தம்பலகாமம்

சட்டத்தில் இரண்டு ஓட்டை. வாக்குக்கு உரிய அளவைவிடக் கூடுதலான வட்டாரங்களை ஒரு கட்சி வென்றுவிட்டால், அதற்குப் பட்டியலில் இடமே கிடைக்காது. பெண்ணை அனுப்ப வழியும் இல்லாமல் போகும். மற்றது, 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் பெற்ற கட்சிக்குப் பெண்களை அனுப்பும் கடமை இல்லை. எங்கள் மாவட்டத்தில் 13 சபை. ஒவ்வொன்றிலும் கட்சிகளும் குழுக்களும் ஒன்று இரண்டு இடமாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு எப்படி வரும்? முதல் பத்திரத்தில் உள்ள பத்து வீதத்தைக் கூட்டாமல் இது சரிவராது என்பது என் முடிவு.

என் ராத்தா தேர்தலில் நின்றா. யாரோ அவவின் படத்தை வேறு படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். வாப்பா ‘போனைக் கொடு, எல்லாவற்றையும் அழி’ என்றார். அழித்துவிட்டோம். இப்போதும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. – வாசகி, கிண்ணியா

முதலில் உங்கள் ராத்தாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அதைச் செய்தவர்கள்.

இனி எதையும் அழிக்காதீர்கள். வந்ததை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அனுப்பியவரின் பெயர், இலக்கம், திகதி, நேரம் தெரிய வேண்டும். பதிவின் இணைப்பையும் எழுதி வையுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலும் கணினிக் குற்றங்களுக்கென்று பிரிவு இருக்கிறது. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், கூப்பிட்டுப் பேசலாம். தேர்தல் காலமாக இருந்தால் தேர்தல் ஆணைக்குழுவுக்கும் பஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளுக்கும் எழுதுங்கள்.

வாப்பா கோபத்தில் சொல்லவில்லை, தாங்க முடியாமல் சொன்னவர். பொலிஸுக்குப் போகும்போது அவரே கூட வந்தால் ராத்தாவுக்குப் பெரிய பலம். கேட்டுப் பாருங்கள்.

மாகாண சபைத் தேர்தல் எப்போது வரும்? அதில் பெண்களுக்கு இடம் உண்டா? – வாசகர், உவர்மலை

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்குப் போட்டது 2012 செப்டம்பரில். 2017 செப்டம்பரோடு காலம் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் வந்தது. அதற்காகத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது, தேர்தலும் அப்படியே நின்றுவிட்டது. சபை எங்கள் ஊரில் இருக்கிறது, உறுப்பினர்தான் இல்லை. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் மாகாணத்தின் கீழ் வருபவை. பெண்கள் போய் இருக்க வேண்டிய இடம் அது. கட்சிகள் பெயர் தேடத் தொடங்கும்போது, பிரதேச சபையில் வேலை பழகிய பெண்களின் பெயர் மேசையில் இருக்க வேண்டும். பாராளுமன்றத்துக்கோ பெண்களுக்கென்று ஒதுக்கீடே கிடையாது. 2024இல் வழமையைவிடக் கூடுதலான பெண்கள் தெரிவாகியும் 225 பேரில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை.

வயது 63, ஓய்வு பெற்ற தாதி. எனக்கு நிற்க ஆசையில்லை. நிற்கிற பிள்ளைகளுக்கு உதவ ஆசை. மேடையில் பேசவும் வராது. என்ன செய்யலாம்? – வாசகி, பாலையூற்று

அக்கா, உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தரம் வாசித்தேன்.

நான் தேர்தலில் நின்றபோது என் சின்னவனுக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் பின்னேரம் நாலு மணிக்கு வந்து “பிள்ளையைத் தா, நீ வெளிக்கிடு” என்பார். அவர் எனக்காக ஒரு வாக்குக்கூடக் கேட்டதில்லை. அவர் இல்லாவிட்டால் நான் ஒரு ஒழுங்கையையும் நடந்து முடித்திருக்க மாட்டேன்.

உங்களால் இன்னும் கூடச் செய்யலாம். வீடு வீடாகப் போகும்போது கூடப் போங்கள். தாதியம்மா வந்தால் பூட்டின படலையும் திறக்கும். நோட்டீஸ் அடிக்கிற காசில் ஒரு பங்கு கொடுத்தாலும் அந்தப் பிள்ளை கட்சிக்காரரிடம் கை நீட்டத் தேவையில்லை. வென்ற பிறகுதான் அவளுக்கு ஆட்கள் கூடத் தேவை. சபை அமர்வைப் பார்க்கப் பொதுமக்கள் போய் இருக்கலாம். அலுவலகத்துக்கு எடுத்து அடுத்த அமர்வு என்றைக்கு என்று கேளுங்கள். நாலைந்து பேராகப் போய் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருங்கள். என்னுடைய லைட் பிரேரணை வந்த அன்று சங்கத்துப் பெண்கள் ஏழு பேர் சுடுதண்ணிப் போத்தலோடு வந்து பின்வாங்கில் இருந்தார்கள். அன்றைக்குத்தான் மைக் எங்கள் வரிசைக்கு முதலில் வந்தது.