கேசிங் அழுத்தம் ஏறி இறங்கும் கேஸ் லிஃப்ட் கிணறு: முதலில் எதைச் சரிபார்ப்பது?

கேள்வி: அரபிக் கடலில் ஒரு கிணற்று மேடையில், உற்பத்திப் பிரிவில் பணிபுரிகிறேன். 9⅝ அங்குல கேசிங்கும் (வெளிக்குழாய்), அதற்குள் 3½ அங்குல டியூபிங்கும் (உற்பத்திக் குழாய்) கொண்ட எங்கள் கேஸ் லிஃப்ட் கிணறு (வாயு செலுத்தித் திரவத்தைத் தூக்கும் கிணறு) ஒன்று நாளொன்றுக்கு 700 பீப்பாய் திரவம் தந்துகொண்டிருந்தது. இப்போது 450 பீப்பாய்தான் வருகிறது. கேசிங் அழுத்தம் 820-க்கும் 900 பிஎஸ்ஐ-க்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. டியூபிங் தலை அழுத்தமும் அதே தாளத்தில் 120 முதல் 300 பிஎஸ்ஐ வரை ஆடுகிறது. கடைசி வொர்க்ஓவரில் (கிணற்றுப் பராமரிப்புப் பணியில்) 1,830 மீட்டர் ஆழத்தில் 5/16 அங்குல ஆரிஃபிஸ் (கேசிங்கிலிருந்து டியூபிங்குக்குள் வாயு நுழையும் துளை) பொருத்தினோம். அப்போது தினசரி 10 லட்சம் கன அடி வாயு கொடுத்தோம். கம்ப்ரசர் பற்றாக்குறையால் பிறகு அதை 5 லட்சமாகக் குறைத்துவிட்டோம். நீரின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 55 ஆகியிருக்கிறது. வாயுவை வழங்கும் பொதுக் குழாயான ஹெடரில் அழுத்தம் 1,050 பிஎஸ்ஐ. ஆரிஃபிஸுக்கு மேலே, கிணற்றைத் தொடங்கும்போது மட்டும் வாயுவை விடும் அன்லோடிங் வால்வுகளில் கடைசி வால்வின் மேற்பரப்பு மூடும் அழுத்தம் 960 பிஎஸ்ஐ. வாயுவைக் கூட்டச் சொல்கிறார் ஒருவர், வால்வுகளையெல்லாம் மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டிலிருந்தும் வேண்டாம். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களிலேயே காரணத்தின் பெரும்பகுதி தெரிகிறது. ஆரிஃபிஸ் பழுதாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய வாயு அளவுக்குப் பொருந்திய துளை, இன்றைய வாயு அளவுக்குப் பெரிதாகிவிட்டது என்பதே என் கணிப்பு. ஆனால் கணிப்பை நம்பி ஸ்லிக்லைன் குழுவை (கிணற்றுக்குள் கம்பியில் கருவி இறக்குபவர்களை) மேடைக்கு அழைத்துவிடக் கூடாது. வாயு உண்மையிலேயே அந்த ஆரிஃபிஸ் வழியாகத்தான் நுழைகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 5/16 அங்குலத் துளை, 1,000 பிஎஸ்ஐ அளவிலான அழுத்தத்தில், கிரிட்டிக்கல் ஓட்டத்தை (கீழ்ப்புற அழுத்தம் மேலும் குறைந்தாலும் ஓட்டம் கூடாத நிலையை) எட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் கன அடி வாயுவை விடும். நீங்கள் 10 லட்சம் கொடுத்தபோது துளைக்கு இரு புறமும் இருந்த அழுத்த வேறுபாடு சுமார் 70 பிஎஸ்ஐ இருந்திருக்கும். இந்த நிலையில் வேறுபாடு ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வாயுவைப் பாதியாக்கியபோது அது கால்பங்காகி, 15 அல்லது 20 பிஎஸ்ஐ-க்கு வந்துவிட்டது. மடை அளவுக்கு மீறித் திறந்திருந்தால் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் மட்டம் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதைப் போல, ஆரிஃபிஸ் இருக்கும் ஆழத்தில் உங்கள் கேசிங்கும் டியூபிங்கும் இப்போது ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் இயங்குகின்றன. டியூபிங்கில் ஏற்படும் சிறு மாற்றத்தைக்கூட ஆரிஃபிஸால் தடுத்து நிறுத்த முடிவதில்லை.

அதன் விளைவைத்தான் களத்தில் ஹெடிங் என்கிறோம். டியூபிங்கின் அடிப்பகுதியில் அழுத்தம் சற்றுக் குறைந்தால், கேசிங்கிலிருந்து தேவைக்கு மேல் வாயு பாய்கிறது. அந்த வாயு திரவத் தூணை இலேசாக்குவதால் அழுத்தம் மேலும் குறைந்து, இன்னும் அதிக வாயுவை இழுக்கிறது. மேற்பரப்புச் சோக் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளை) வழியாக வரும் வாயுவோ ஒரே சீராகத்தான் வருகிறது என்பதால், கேசிங்கில் சேர்ந்திருந்த இருப்பு கரைந்து, கேசிங் அழுத்தம் இறங்கி, பாய்ச்சல் நின்றுபோகிறது. பிறகு டியூபிங்கில் கனமான திரவம் சேர்கிறது, கேசிங் மறுபடி நிரம்புகிறது, மீண்டும் பாய்கிறது. நீரின் பங்கு கூடியது இதைத் தொடங்கிவைக்கவில்லை. ஆனால் நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால், வாயு நின்ற நேரத்தில் தூண் விரைவாகக் கனத்துப்போவதற்கு அது உதவியிருக்கிறது.

உங்கள் கிணற்றில் கேசிங்குக்கும் டியூபிங்குக்கும் இடையிலான வளைய இடைவெளியின் கொள்ளளவு ஏறத்தாழ 60 கன மீட்டர். அதில் 80 பிஎஸ்ஐ ஏறி இறங்கினால், மேற்பரப்பு நிலையில் கணக்கிட்டு 330 கன மீட்டர் வாயு ஒவ்வொரு சுற்றிலும் தேங்கி வெளியேறுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் உள்ளே அனுப்புவது சுமார் 885 கன மீட்டர். அதாவது, வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், திரவத்தைச் சீராகத் தூக்குவதற்குப் பதிலாகக் காத்திருந்து ஒரே மூச்சில் பாய்ந்துவிடுகிறது. 250 பீப்பாய் எங்கே போனது என்பதற்கு இதுவே போதுமான விடை.

இனி, இது ஹெடிங்தான் என்பதை உறுதிப்படுத்தும் வேலை. கேசிங் அழுத்தம், டியூபிங் தலை அழுத்தம், உட்செலுத்தும் வாயுவின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில், 24 மணி நேரத்துக்குக் குறையாமல், ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். கேசிங் கோடு இறங்கத் தொடங்கும் நேரத்தில் டியூபிங் தலை அழுத்தம் ஏறி, வாயு அளவுக் கோடு ஏறத்தாழ நேராகவே நின்றால் அது கேசிங் ஹெடிங். கேசிங் அசையாமல் டியூபிங் மட்டும் ஆடினால், டியூபிங்குக்குள்ளேயே எழும் அலை அது. அதற்கு ஆரிஃபிஸை மாற்றிப் பயனில்லை. வாயுக் கோடும் அதே தாளத்தில் விழுந்து எழுந்தால், கோளாறு கிணற்றுக்கு வெளியே ஹெடரிலோ சோக்கிலோ இருக்கிறது.

சோக் உறைவதைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். இயற்கை வாயு 100 பிஎஸ்ஐ இறங்கும்போது ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. உங்கள் சோக்கில் 1,050-லிருந்து 860-க்கு, அதாவது 190 பிஎஸ்ஐதான் இறங்குகிறது. வாயு 28 டிகிரியில் வந்தால் 20 டிகிரிக்குச் சற்று மேலேயே வெளியேறும். அந்த அழுத்தத்தில் ஹைட்ரேட் (நீரும் வாயுவும் சேர்ந்த பனிக்கட்டி போன்ற படிகம்) உருவாக அதைவிடக் குளிர வேண்டும். ஆகவே உங்களுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சோக்கின் மேல் வெண்பனி படிந்திருந்தால் மட்டும் இந்த முடிவை மறுபரிசீலனை செய்து, வாயுவின் ஈரப்பதத்தையும் வாயுவின் ஈரத்தை நீக்கும் கிளைகால் (glycol) உலர்த்தியின் நிலையையும் விசாரியுங்கள். அளவுமானிகள் சரியா, விங் வால்வு (கிணற்றுத் தலையின் பக்கவாட்டு வால்வு) முழுவதும் திறந்திருக்கிறதா, செபரேட்டர் (எண்ணெய், நீர், வாயுவைப் பிரிக்கும் கலன்) அழுத்தம் கூடியிருக்கிறதா என்பவை அரை மணி நேரத்து வேலை, அவற்றையும் முடித்துவிடுங்கள்.

அடுத்து, வாயு எங்கே நுழைகிறது என்ற கேள்வி. ஒலி எதிரொலிக் கருவியால் வளைய இடைவெளியில் திரவ மட்டத்தைப் பார்க்கலாம், செலவும் குறைவு. மட்டம் 1,830 மீட்டருக்கு மேலே, ஏதாவதொரு மாண்ட்ரலில் (டியூபிங்கில் வால்வு அமரும் பகுதியில்) நின்றால், வாயு ஆரிஃபிஸை எட்டவே இல்லை என்று பொருள். மட்டம் ஆரிஃபிஸிலேயே இருந்தால், வாயு அங்கே ஒருமுறையாவது எட்டியிருக்கிறது என்பது மட்டுமே உறுதி. மேலே ஒரு வால்வு அரிக்கப்பட்டு, அதன் வழியாகவும் வாயு கசிந்துகொண்டிருக்கலாம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கசிவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. விங் வால்வை மூடி, வாயுவைத் தொடர்ந்து செலுத்தி, கேசிங்கும் டியூபிங்கும் ஒரே அழுத்தத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு வாயுவை நிறுத்தி, கேசிங் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். வால்வுகளுக்குள் எதிரோட்டத்தைத் தடுக்கும் செக் வால்வுகள் இருப்பதால் டியூபிங் அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். கேசிங்கோடு சேர்ந்து அதுவும் இறங்கினால், டியூபிங்கில் ஓட்டையோ செக் வால்வில் தேய்மானமோ இருக்கிறது. இதற்குப் பணி அனுமதிச் சீட்டு இல்லாமல் கை வைக்க வேண்டாம். வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், வெளியேற்றும் குழாய் எங்கே திறக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆழத்தில் எவ்வளவு வாயு நுழைகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், கார்பன் டை ஆக்சைடைச் சிறு தொகுதியாக வாயு வழியில் செலுத்தி, கிணற்றுத் தலையில் அது திரும்பி வரும் நேரங்களைப் பதிவுசெய்யும் சோதனை, கிணற்றுக்குள் கருவி எதையும் இறக்காமலேயே விடை தரும். ஓடும் நிலையில் அழுத்தமும் வெப்பநிலையும் அளக்கும் சர்வேயும் நல்லதுதான். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் கிணற்றில் இரண்டு முறைகளுமே குழப்பமான பதிவைத் தரும், திடீரெனப் பாயும் வாயு கருவியை மேலே தூக்கி எறியும் ஆபத்தும் உண்டு. எனவே முதலில் கிணற்றைத் தற்காலிகமாக அமைதிப்படுத்துங்கள்.

அதற்கு இரண்டு வழிகள். உற்பத்திச் சோக்கைச் சற்று இறுக்கி டியூபிங் தலை அழுத்தத்தைக் கூட்டினால், ஆட்டம் அடங்கும். உற்பத்தியில் ஒரு பகுதியை இழப்பீர்கள், ஆனால் ஆடும் கிணற்றைவிட இறுக்கிய கிணறு அதிகம் தருவதும் உண்டு. இன்னொன்று வாயுவைக் கூட்டுவது. உங்கள் சக ஊழியர் சொன்னது அந்த வகையில் தவறில்லை. பழைய 10 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். கம்ப்ரசர் கொள்ளளவு வரையறுக்கப்பட்ட மேடையில் அந்த வாயு இன்னொரு கிணற்றிலிருந்துதான் வர வேண்டும் என்பதுதான் சிக்கல். இந்தக் கிணற்றின் 250 பீப்பாயை மீட்டு, அடுத்த கிணற்றில் 300 பீப்பாயை இழப்பதில் யாருக்கும் லாபமில்லை. மேலும், ஒரு வரம்புக்குப் பிறகு கூடுதல் வாயு டியூபிங்கில் உராய்வை மட்டுமே கூட்டி, உற்பத்தியைக் குறைக்கவும் தொடங்கும்.

நிரந்தரத் தீர்வு ஆரிஃபிஸில் இருக்கிறது. ஆனால் எந்த அளவு என்பதில் அவசரப்படக் கூடாது. வாயுத் தூணின் எடையால் அழுத்தம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 2.4 சதவீதம் கூடுவதால், மேற்பரப்பில் சராசரி 860 பிஎஸ்ஐ என்பது 1,830 மீட்டர், அதாவது 6,000 அடி ஆழத்தில் ஏறத்தாழ 985 பிஎஸ்ஐ. துளையில் இழக்கும் 15 அல்லது 20 போக, டியூபிங்கில் 965 பிஎஸ்ஐ. 3/16 அங்குலத் துளை வைத்தால் 5 லட்சம் கன அடிக்கு 150 பிஎஸ்ஐ வேறுபாடு கிடைக்கும். ஆட்டம் நிற்க அது தாராளமாகப் போதும். ஆனால் கேசிங் அழுத்தம் அடியில் 1,115, மேற்பரப்பில் 970 ஆகிவிடும். கடைசி அன்லோடிங் வால்வின் மூடும் அழுத்தமே 960 என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வால்வு திறந்துகொண்டால், வாயு இரண்டு இடங்களில் நுழையும். ஒரு கோளாறைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள். 1/4 அங்குலம் வைத்தால் வேறுபாடு 50 பிஎஸ்ஐ அளவிலேயே இருக்கும். கேசிங் 890-ஐத் தாண்டாது, ஆனால் ஆட்டம் முழுவதும் அடங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆகவே உங்கள் கிணற்றுக்கு நான் தேர்ந்தெடுப்பது வென்சுரி வடிவ (நடுவில் குறுகி, பிறகு மெல்ல விரியும்) ஆரிஃபிஸ். சாதாரணத் துளை கிரிட்டிக்கல் ஓட்டத்தை எட்ட அழுத்தம் 40 சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டும். வென்சுரிக்கு 10 சதவீதம் போதும். கிரிட்டிக்கல் ஓட்டத்தில் டியூபிங்கின் ஏற்ற இறக்கம் கேசிங்கை எட்டாது என்பதால், ஹெடிங் வேரோடு அறுபடும். கேசிங் அடியில் 1,070, மேற்பரப்பில் 930 பிஎஸ்ஐ அருகே நிற்கும். 960-க்குக் கீழே இடமிருக்கிறது, ஹெடரின் 1,050-ம் போதுமானது. விற்பனையாளரிடம் துளை அளவைக் கேட்கும்போது, 5 லட்சம் கன அடியில் கிரிட்டிக்கல் ஆக வேண்டும் என்று எழுத்தில் குறிப்பிடுங்கள். துளை பெரிதாகிவிட்டால் கிரிட்டிக்கல் நிலை வராது, பிறகு சாதாரண ஆரிஃபிஸுக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இருக்காது.

மேல் வால்வுகளில் கசிவு இல்லை என்று சோதனையில் தெரிந்தால், அவற்றைத் தொட வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றுவது என்பது ஒவ்வொரு மாண்ட்ரலிலும் ஒரு புதிய ஆபத்தைச் சேர்ப்பது. அந்த வால்வுகளின் நைட்ரஜன் அறை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அமைக்கப்படுகிறது. 150 டிகிரியில் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். கிணறு நின்று குளிர்ந்திருக்கும்போது அவை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அழுத்தத்தில் திறப்பது இதனால்தான்; அதைப் பழுது என்று எண்ணி மாற்றிவிடுபவர்கள் உண்டு.

ஸ்லிக்லைன் வேலையில், ஆரிஃபிஸை எடுக்கும் முன் கேசிங், டியூபிங் அழுத்தங்களைச் சமப்படுத்துங்கள். கீழே ஒரு தடுப்பை இறக்கிவிட்டால், நழுவிய வால்வைத் தேடி ‘மீன்பிடிக்க’ (கருவி இறக்கி மீட்க) வேண்டியிருக்காது. மேலே வந்ததும் பேக்கிங் வளையங்கள் கிழிந்திருக்கின்றனவா, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, உப்போ படிவோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளை தேய்ந்திருந்தால், மேலே நான் போட்ட கணக்கில் வேறுபாடு 15 பிஎஸ்ஐ-க்கும் குறைவாகவே இருந்திருக்கும்.

மீண்டும் தொடங்கும்போது வளைய இடைவெளியில் திரவம் நிறைந்திருக்கும். அது வால்வுகள் வழியாக வேகமாகப் பாய்ந்தால் இருக்கையை அறுத்துவிடும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) பரிந்துரைப்படி, 400 பிஎஸ்ஐ வரை 8 முதல் 10 நிமிடங்களுக்கு 50 பிஎஸ்ஐ வீதமும், அதற்குப் பிறகு அதே இடைவெளியில் 100 பிஎஸ்ஐ வீதமும் மட்டுமே கேசிங் அழுத்தத்தை ஏற்றுங்கள். கிணறு நிலைத்த பிறகு உற்பத்திச் சோக்கை முழுவதும் திறந்து, டெஸ்ட் செபரேட்டரில் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். கேசிங் 930 அருகே நேர்கோடாக நின்றால் வேலை முடிந்தது. 960-ஐத் தாண்டி ஏறினால், வாயுவை 5 லட்சத்திலிருந்து சிறிது குறைத்து, கோடு எங்கே நிலைக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த முடிவை எடுங்கள்.