நடுவர் குழுவில் யார் யார்?

கேள்வி: சின்ன முன்னேற்றத்தைக்கூட கவனித்து நமக்கு நாமே பரிசு கொடுத்துக்கொண்டால் தன்மதிப்பு வளரும் என்கிறார்களே, உண்மையா? நான் எழுதப் பழகுகிறவன். ஒரு பக்கம் எழுதினால் ஒரு படம் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். (சிறுகதை ஒன்றும் இணைத்துள்ளேன்.)

பதில்: பரிசு என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. இலக்கியப் பரிசுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் இனி வாய் திறக்கமாட்டேன் என்று பதிப்பாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பரிசில் வெளியாள் யாரும் இல்லாததால் இது வாக்கு மீறலில் சேராது.

விண்ணப்பித்தவர் நீங்கள், பரிந்துரைத்தவர் நீங்கள், நடுவரும் நீங்கள். மேடையில் கொடுப்பதும் வாங்குவதும் ஒரே ஆள். ஏற்புரை நீண்டால் மைக்கை அணைக்க ஆள் கிடையாது. கைதட்டிக்கொண்டே நன்றியுரையும் சொல்லியாக வேண்டும். பரிசு கிடைக்காதவர் மறுநாள் ‘உள்ளடி வேலை நடந்திருக்கிறது’ என்று அறிக்கை விடுவாரே, அதையும் நீங்களேதான் விடவேண்டும். ஆனாலும் நான் பார்த்த சில குழுக்களைவிட இது நேர்மையானது. நடுவருக்கும் பரிசு பெற்றவருக்கும் என்ன உறவு என்பதை இங்கே யாரும் மறைக்கவில்லை.

சரி, உங்கள் கேள்வி. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு வாய்க்கிற நடுவர் மகா கறாரானவர். எதைக் கொண்டுபோனாலும் ‘எல்லோரும் செய்வதுதானே, இதற்கென்ன’ என்று தள்ளிவிடுவார். அவரை வைத்துக்கொண்டு பரிசை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்? முதலில் ஆதாரம் சேருங்கள். எழுதியதையெல்லாம் தேதி போட்டு வையுங்கள். போன மாதம் எழுதிய பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அடுத்தவருடைய பக்கத்தை அங்கே கொண்டுவராதீர்கள். நடுவர் முணுமுணுப்பார், ஆனால் மறுக்க முடியாது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: கிடைத்த வெற்றியை நாம் கொண்ட எதிர்பார்ப்பால் வகுத்தால் வருவது தன்மதிப்பு. மேலே இருப்பதைக் கூட்டலாம், கீழே இருப்பதைக் குறைக்கலாம். ஒரே மூச்சில் நாவல் என்று கிளம்பாமல் ‘ஒரு பக்கம்’ என்றீர்களே, அது இரண்டாவது வழி. தயங்காமல் தொடருங்கள்.

எனக்கு இடிப்பது அந்தப் படம்தான். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் ஓர் ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்திருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. எழுதுவது பிடித்திருந்தால் அதற்குக் கூலி பேசாதீர்கள். எப்போதாவது ஒரு பக்கம் நன்றாக அமைந்துவிட்டால், திடீரென்று கிளம்பிப் போய்ப் படம் பாருங்கள். வரிக்கணக்கு முடிப்பது, அலமாரியை ஒழிப்பது போன்ற வேலைகளுக்கு வேண்டுமானால் முன்கூட்டியே பேரம் பேசிக்கொள்ளலாம். அவற்றில் கெடுவதற்கு ஆசை என்று ஒன்று இருந்தால்தானே!

அப்புறம், உங்கள் சிறுகதை. சமீபத்தில் எனக்கு வந்தவற்றில் மேகம், தூறல், மண்வாசனை எதுவும் இல்லாமல் தொடங்கும் கதை இது ஒன்றுதான். அதற்காகவே இரண்டு முறை படித்தேன். அம்மாவும் மகனும் சாவியைத் தேடிக்கொண்டே சண்டை போடும் பகுதி அசல். ஏழாம் பக்கத்தில் மழை வந்துவிடுகிறது. அதை நிறுத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள்.