சிலிக்கான் மேல் 300 ஜிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா: கெயின் (ஒரு திசையில் குவிந்து வெளியேறும் சக்தி) எங்கே போகிறது?

கேள்வி: எம்.இ. புராஜெக்டுக்காக 100 மைக்ரான் சிலிக்கான் மேல் 300 ஜிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா (தட்டையான உலோகத் துண்டு ஆன்டெனா) வடிவமைத்தேன். சிமுலேஷனில் எஸ்11 (கொடுத்த சக்தியில் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அளவு) மைனஸ் 32 டெசிபல். ஆனால் கதிர்வீச்சுத் திறன் (ஏற்ற சக்தியில் அலையாக வெளியேறும் பங்கு) 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. பேட்சில் ஸ்லாட் (குறுகிய நீளத் துளை) வெட்டியும் பலனில்லை. உலோகத்துக்குப் பதில் கிராஃபீனுக்கு (ஓரணு தடிமனுள்ள கார்பன் படலம்) மாறலாமா?

பதில்: முதலில், எஸ்11-ஐப் பார்த்து மயங்காதீர்கள். சக்தியை வெப்பமாக விழுங்கும் 50 ஓம் டம்மி லோடை மாட்டினாலும் எஸ்11 பிரமாதமாக இருக்கும். அதிலிருந்து ஒன்றும் வெளியே வராது.

கோளாறு பேட்சில் இல்லை, சிலிக்கானில். 300 ஜிகாஹெர்ட்ஸ் அலை காற்றில் 1 மி.மீ. நீளம்; சிலிக்கானுக்குள் 0.29 மி.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் வைத்திருக்கிறீர்கள். சிலிக்கானுக்குள் போன அலை, பரப்பின் செங்குத்துக்கோட்டிலிருந்து 17 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் முழுக்க உள்ளேயே திரும்பிவிடும். அப்புறம் அது பக்கவாட்டில் ஓடி, விளிம்பில் சிதறும். போதாக்குறைக்கு, வேஃபர் (சிலிக்கான் தகடு) 10 ஓம்-செ.மீ. மின்தடைத்திறன் ரகம் என்றால் ஒவ்வொரு மி.மீ.க்கும் ஏறத்தாழ 5 டெசிபல் இழப்பு. 10 கிலோஓம்-செ.மீ.க்கு மேலுள்ள ஹை-ரெசிஸ்டிவிட்டி வேஃபரே வாங்குங்கள்.

சிலிக்கானோடு மல்லுக்கட்டுவதை விட, அலையை அதன் வழியாகவே வெளியே விடுவது மேல். கிரவுண்ட் தகட்டை எடுத்துவிட்டு, பேட்சுக்குப் பதில் இரட்டை ஸ்லாட் வையுங்கள். பெரும்பகுதி சக்தி தானாகவே சிலிக்கான் பக்கம் இறங்கும். வேஃபரின் அடியில் 5 மி.மீ. விட்டமுள்ள சிலிக்கான் லென்ஸை ஒட்டினால் கோட்பாட்டளவில் 24 டிபிஐ டைரக்டிவிட்டி (அலையை ஒரே திசையில் குவிக்கும் அளவு) கிடைக்கும். லென்ஸ் ஓர் அரைக்கோளம்; அதற்குக் கீழே வரும் சிலிக்கான் நீட்சி ஆரத்தில் சுமார் 0.39 பங்கு, அதாவது 0.97 மி.மீ. வேஃபரின் 0.1 மி.மீ.யும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. பலர் கழிக்க மறந்து ஃபோகஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். லென்ஸுக்கும் வேஃபருக்கும் நடுவே காற்று இடைவெளி கூடாது.

லென்ஸின் வெளிப்பரப்பிலும் 30 சதவீதம் திரும்பிவிடும். அங்கே 0.15 மி.மீ. பாரிலீன் (ஒருவகை பிளாஸ்டிக் பூச்சு) பூசினால் 300 ஜிகாஹெர்ட்ஸில் இது 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும்.

லென்ஸ் முழுவதையும் ஒரே சிமுலேஷனில் போட்டால் லேப் கம்ப்யூட்டர் திணறும். முதலில் ஸ்லாட்டை மட்டும் முடிவில்லாத சிலிக்கான் மேல் ஓடவிடுங்கள். பிறகு அந்தப் பேட்டர்னை (எந்தத் திசையில் எவ்வளவு சக்தி போகிறது என்பதை) எடுத்து, லென்ஸை ஒளிக்கதிர் போலக் கணக்கிட்டுப் பாருங்கள். உலோகத்தை பிஇசி (இழப்பே இல்லாத கற்பனைக் கடத்தி) என்று விடாமல் தங்கத்தின் உண்மையான கடத்துத்திறனைக் கொடுங்கள். இங்கே ஸ்கின் டெப்த் (உலோகத்துக்குள் மின்னோட்டம் இறங்கும் ஆழம்) வெறும் 0.14 மைக்ரான். அரை மைக்ரான் தங்கம் போதும், ஆனால் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும்.

பேட்ச்தான் வேண்டும் என்று கைடு அடம்பிடித்தால், சிலிக்கானை விட்டுவிட்டு 50 மைக்ரான் குவார்ட்ஸுக்குப் போங்கள். லென்ஸ் அமைப்பை விட பேண்ட்வித் (ஆன்டெனா வேலை செய்யும் அதிர்வெண் அகலம்) குறுகும், அது தவிர்க்க முடியாதது.

கிராஃபீன்? வேண்டாம். 300 ஜிகாஹெர்ட்ஸில் தங்கத்தின் பரப்பு மின்தடை 0.2 ஓமுக்கும் குறைவு; ஒற்றை அடுக்கு கிராஃபீனுக்கோ வழக்கமாக நூற்றுக்கணக்கான ஓம். வோல்டேஜ் கொடுத்து டியூன் செய்ய வேண்டுமானால் அது உதவும். திறனைக் கூட்ட உதவாது.