காளான் அறை ஹீட்டர் ஏன் அணைய மறுத்தது?

கேள்வி: ஊட்டி அருகே முத்தோரையில் மொட்டுக்காளான் வளர்க்கிறேன். வித்து பரவும் அறையை 24 டிகிரியில் வைக்க, 2,000 வாட் ஹீட்டரை இஎஸ்பி32 போர்டும் (புரோகிராம் ஏற்றும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை) 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆரும் (நகரும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்) கொண்டு இயக்குகிறேன். சோதனைக்கு மாட்டிய எல்இடி பல்பு ஆஃப் நிலையிலும் மங்கலாக எரிந்தது. போன வாரம் ஹீட்டர் அணையவே இல்லை. விடிவதற்குள் பைகள் எல்லாம் வீணாகிவிட்டன. புரோகிராமில் தவறா?

பதில்: பைகள் போனது வருத்தம்தான். ஆனால் புரோகிராமைச் சந்தேகிக்கும் முன் எஸ்எஸ்ஆரைப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிவது கோளாறு அல்ல. எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருந்தாலும் சில மில்லிஆம்பியர் கசியும், எல்இடிக்கு அதுவே போதும். அதனால்தான் எஸ்எஸ்ஆரை நம்பி ஹீட்டர் வயரைத் தொடவே கூடாது. எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிய பிறகே கை வையுங்கள்.

ஹீட்டர் அணையாதது வேறு. எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எம்சிபியை இறக்கி, ஹீட்டர் வயரைக் கழற்றி, எஸ்எஸ்ஆரின் வெளிமுனைகளை (ஹீட்டர் பக்கத்து இரு முனைகள்) மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சில ஓம்தான் காட்டினால் அது போய்விட்டது.

சூடுதான் காரணமாக இருக்கும். 230 வோல்ட்டில் உங்கள் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும்; எஸ்எஸ்ஆரில் 10 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். குளிர் ஊர்தானே என்று ஹீட்சிங்க் (வெப்பத்தை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இல்லாமல் விடாதீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் வெப்பத்தைக் கொண்டுபோவதும் குறைவு. மலிவான எஸ்எஸ்ஆரில் அச்சிட்ட 25 ஆம்பியரையும் நான் நம்புவதில்லை. 40 ஆம்பியர் வாங்கி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவி, பெரிய அலுமினிய ஹீட்சிங்கில் இறுக்குங்கள். காளான் அறையின் ஈரம் படாமல் மூடிய பெட்டியை வெளியே மாட்டுங்கள். ஹீட்சிங்குக்கு எர்த் கொடுங்கள்.

இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட், எஸ்எஸ்ஆர் கேட்பது குறைந்தது 3. இது மயிரிழை. பிசி547 டிரான்சிஸ்டர் வழியே 5 வோல்ட்டில் ஓட்டுங்கள். போர்டு தொடங்கும்போது தானாக ஆன் ஆகாமலிருக்க, டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

இதைவிட முக்கியம் ஒன்று: போர்டுக்குச் சம்பந்தமில்லாத இயந்திரத் தெர்மோஸ்டாட். அதை 30 டிகிரியில் வைத்து, அது இயக்கும் கன்டாக்டர் (அதிக மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய ரிலே) வழியாக ஃபேஸ் ஹீட்டருக்குப் போகட்டும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். பிறகு சோதித்துப் பார்க்க, எம்சிபியை இறக்கி, எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆனதுபோல் அதன் வெளிமுனைகளை ஒரு கனமான வயரால் இணைக்கச் சொல்லுங்கள். மறுபடி ஏற்றி, அறை சூடேறும்போது தெர்மோஸ்டாட் தானே துண்டிக்கிறதா என்று அருகிலிருந்து பாருங்கள். துண்டித்ததும் எம்சிபியை இறக்கி அந்த வயரை எடுத்துவிடுங்கள்.