ஊர் ஓரத்துக் காட்டை அழித்துக் கட்டடம் கட்டப் போகிறார்கள். குடியிருப்பவர்களால் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் பொக்லைன் வந்து நின்ற பிறகு கூட்டம் சேர்த்தால் பாதிக் காடு போயிருக்கும். 2019 அக்டோபரில் மும்பை ஆரே காட்டில் ராத்திரியோடு ராத்திரியாக மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். உச்ச நீதிமன்றம் தடை போடுவதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன.

நம் திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. "வெறும் முள்ளுக்காடு, சீமைக்கருவேல்தானே" என்று சொல்லியே முடித்துவிடுவார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். குடை விரித்த மாதிரி நிற்பது உடை மரம், நம் நாட்டு மரம். விடத்தேரை, சூரை, மஞ்சணத்தி எல்லாம் ஊடே நிற்கும். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயமும் இப்படி ஒரு முள்ளுக்காடுதான். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் நாலுவழிச் சாலை. 2013-இல் ஏறத்தாழ 288 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்ததால்தான் அந்த மான்களுக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. அப்படியும் சாலையைத் தாண்டும்போது அடிபட்டுச் சாகின்றன. நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, முதல் வேலையாக விஏஓ ஆபீஸில் அந்தப் புல எண்ணுக்கு (சர்வே நம்பர்), ஊர் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். காடா, மேய்க்கால் புறம்போக்கா, ஓடையா? காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அரசுப் பதிவேட்டில் காடு என்று இருக்கும் நிலம் யார் பேரில் இருந்தாலும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரசு நிலம் என்றால் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும். கலெக்டர்தான் அதற்குத் தலைவர். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

"ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுகிறோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ரோட்டோரக் கன்றுக்கடியில் கவுதாரி முட்டை வைக்காது.

அப்புறம், காலனிக்காரர்கள் மட்டும் கூடிப் பேசிவிட்டு, அங்கே ஆடு மேய்க்கிறவர்களை மறந்துவிடுகிறோம். எந்தப் பள்ளத்தில் எதுவரை தண்ணீர் கிடக்கும், மயில் எங்கே அடையும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. மேய்ச்சல் போனால் பிழைப்பு போவதும் அவர்களுக்குத்தான். மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.