குட்டைக்கரையில் கொஞ்சம் வருமானம்: வாசகர் கேள்வி-பதில்

மீஞ்சூர் பக்கம் இரண்டு ஏக்கர் பட்டா நிலம், ஓரத்தில் ஒரு குட்டை. மழை முடிந்ததும் நாரை, மீன்கொத்தி எல்லாம் வரும். கேமராவோடு சில பசங்களும் வந்து போகிறார்கள். காசு கேட்கலாமா ஐயா?

தாராளமாகக் கேளுங்கள். உங்கள் நிலத்துக்குள் வந்து உட்காரக் கட்டணம் வாங்குவதில் தப்பே இல்லை. பறவைகளைப் பிடிப்பதும் முட்டை, கூட்டில் கை வைப்பதும்தான் 1972-ஆம் வருட வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சும்மா கரையில் நின்று படம் எடுக்க யாரும் பெரிதாகக் காசு தரமாட்டார்கள். பறவை கண்ணில் படாமல் உட்கார்ந்து எடுக்க மறைவிடம் கட்டினால் தருவார்கள். குட்டையின் கிழக்குக் கரையில் கீற்றால் ஒரு தாழ்வான கொட்டகை போடுங்கள். அப்போதுதான் காலை வெயில் படம் எடுப்பவர் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும். முன்பக்கம் கறுப்பு வலை, லென்ஸ் நுழைய மட்டும் ஓட்டை. உட்காரும் இடத்தை ஓரடி பள்ளமாக வெட்டினால் கேமரா தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். படத்தின் அழகே அதில்தான். மீன்கொத்தி உட்கார ஒரு காய்ந்த கிளையைத் தண்ணீரில் நட்டு வையுங்கள். கொட்டகைக்குப் பறவைகள் பழகும்வரை ஆட்களை விடாதீர்கள்.

கேரளத்தில் தட்டேக்காடு பக்கம் இப்படி மறைவிடங்களை வாடகைக்கு விடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் கூட்டம் சேர்ந்து பறவை பறந்துவிடும். காலை வேளை, மாலை வேளை என்று கணக்கு வைத்து, வேளைக்கு இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். சுத்தமான கழிப்பறை இல்லையென்றால் பெண்கள் மறுமுறை வரமாட்டார்கள். இட்லி, டீக்குத் தனிக் காசு வாங்குங்கள். என்னைக் கேட்டால் கையில் நிற்கும் லாபம் அதில்தான்.

டெக்சஸில் இருக்கும் என் மச்சான், அங்கே நிலத்தை மான் வேட்டைக்குக் குத்தகை விடுகிறார்கள் என்கிறான். நம்மிடம் முயலும் கவுதாரியும் இருக்கே?

அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அது அவர்கள் ஊர்ச் சட்டம். இங்கே சொந்த நிலமானாலும் வேட்டை குற்றம்தான், ஏற்பாடு செய்து கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள். அதே டெக்சஸின் தெற்கில் பறவைப் படம் எடுப்பவர்களுக்குப் பண்ணைகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மச்சானிடம் அதைப் பற்றி விசாரியுங்கள்.

செங்குன்றம் ஏரியை ஒட்டி எங்கள் நிலம். படகு விடலாமா?

கூடாது. அது சென்னைக்குக் குடிநீர் தரும் அரசு ஏரி, உங்கள் உரிமை பட்டா எல்லையோடு முடிந்தது. சொந்தக் குட்டையிலும் படகு வேண்டாம் என்பேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை நம் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மணலி புதுநகரிலிருந்து: பொரி, பிஸ்கட் போட்டால் பறவை அதிகம் வருமா?

காக்காயும் புறாவும் வரும். நாரைக்கும் உள்ளானுக்கும் தண்ணீரின் ஆழம்தான் கணக்கு. உள்ளானுக்குக் கணுக்கால் அளவுகூட வேண்டாம், சேறு போதும். நாரைக்கு இன்னும் கொஞ்சம் ஆழம். அறுப்பு முடிந்த வயலில் ஒரு மூலைக்கு மட்டும் வரப்பை உயர்த்தித் தண்ணீரைத் தேக்குங்கள், அங்கே பூச்சி மருந்தும் வேண்டாம். ஒன்று, உங்கள் பக்கம் கால்வாய்த் தண்ணீரை நம்பிவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூரில் கூழைக்கடாக்கள் கறுத்துப்போனதைப் பார்த்தோமே. மழைத் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா?

உண்டு. விளைச்சலில் வந்தால்தான் விவசாய வருமானம். நுழைவுக் கட்டணமும் சாப்பாட்டுக் காசும் அதில் சேராது. வருடத்துக்கு 20 லட்சம் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி கவலை இல்லை. நோட்டில் எழுதி வையுங்கள், சரியா?

பறவை நிறைய வந்தால் சரணாலயம் என்று நிலத்தைப் பிடுங்கிவிடுவார்களாமே?

ஊருக்கு ஊர் இந்தப் பயம் உண்டு, அதனாலேயே மரத்தை வெட்டிக் கூட்டைக் கலைப்பவர்களும் இருக்கிறார்கள். நாலு நாரை வந்ததற்காக நிலம் போய்விடாது. சரணாலயம் அறிவிக்க வேண்டுமானால் நில உரிமைகளை விசாரித்துத் தீர்க்கும் நடைமுறை சட்டத்திலேயே இருக்கிறது. வனவுயிர் சட்டத்தின் 2002 திருத்தத்தில் சமுதாயக் காப்பகம் என்று, ஊராரோ தனியாரோ தாமே முன்வந்து காக்கும் இடம் ஒன்றும் வந்தது. தனியார் நிலத்தை அதில் சேர்க்க உரிமையாளரே முன்வர வேண்டும். அக்கம்பக்கத்துக் குட்டைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், அதைப் பற்றி வனத்துறை அலுவலகத்தில் போய்ப் பேசிப் பார்க்கலாம்.