சத்தம் தாங்கலையா? காதுப் பஞ்சை முதலில் குறையுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது, ஈரோடு பக்கம். போன வருஷம் ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தேன். அதிலிருந்து டம்ளரைக் கீழே வைத்தால்கூட காதுக்குள் வலிக்கிறது. குக்கர் விசில் வருவதற்குள் மொட்டை மாடிக்கு ஓடிவிடுகிறேன். நாள் முழுக்க காதில் பஞ்சுதான். டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல் என்கிறார்கள், மாமியார் நான் நடிக்கிறேன் என்கிறார். இது மனப் பிரச்னையா?

பதில்: நீங்கள் நடிக்கவில்லை அம்மா. சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போகும் இதை ஹைபராகூசிஸ் என்போம். வழக்கமான ஆடியோகிராம், எவ்வளவு சின்னச் சத்தம் வரை உங்களுக்குக் கேட்கிறது என்றுதான் பார்க்கும், எவ்வளவு பெரிய சத்தம் வரை தாங்குகிறீர்கள் என்று பார்க்காது, அதனால்தான் ரிப்போர்ட் நார்மலாக வந்திருக்கிறது. தாங்கும் அளவைப் பார்க்கத் தனி டெஸ்ட் உண்டு, ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) கேட்டு எடுங்கள்.

இப்போது பஞ்சு விஷயம், இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். காதுக்கு வரும் ஒலி குறைந்தால் மூளை தன் பங்குக்கு அதைக் கூட்டிக்கொள்கிறது, அதனால் நாள் முழுக்க அடைத்து வைத்துவிட்டு எடுக்கும்போது பழைய சத்தமே இன்னும் பெரிதாகக் கேட்கும். 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நல்ல காது உள்ளவர்களையே 2 வாரம் காதடைப்பான் போட வைத்தார்கள், அவர்களுக்கும் சத்தம் தாங்கும் அளவு குறைந்துபோனது. மெல்லிய இரைச்சல் தரும் கருவியை மாட்டியிருந்தவர்களுக்கு அந்த அளவு கூடியது! சிகிச்சையும் இந்த வழியில்தான் போகிறது. மழைச் சத்தம், ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீரான ஒலியை, தொந்தரவு தராத அளவில், இயர்போன் இல்லாமல் அறையில் ஓட விடுங்கள், பழகப் பழக ரொம்பக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் வலி கூடும், வலித்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள். பஞ்சையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம், முதலில் அமைதியான நேரத்தில் மட்டும் எடுங்கள். பட்டாசு, மேளம், டிரில்லிங் மெஷின் என்றால் தாராளமாகக் காதை மூடுங்கள், அது எல்லோருக்குமே நல்லது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. சத்தம் வரப்போகிறதே என்ற பயம் சேர்ந்துவிட்டால் சிபிடி என்ற சிகிச்சை, அதாவது ஆலோசகரிடம் பேசிப் பயம் தரும் எண்ணங்களை மாற்றிக்கொள்வது, நன்றாக உதவும், அதற்குப் போவதால் இது மனப் பிரச்னை என்று ஆகிவிடாது. மைசூரில் இருக்கும் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் காது பரிசோதனைக்குத் தனித் துறையே இருக்கிறது, ஈரோட்டிலிருந்து போய்வரலாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனாலோ, சத்தம் கேட்டதும் தலை சுற்றினாலோ மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே இஎன்டி டாக்டரைப் பாருங்கள். மாமியாரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பட்டாசுச் சத்தம் ஒன்றும் செய்யாது, ஆனால் யாராவது சப்புக் கொட்டிச் சாப்பிட்டால் கத்திவிட்டு எழுந்து போகிறான். திமிரா?

பதில்: திமிர் இல்லை, மேலே சொன்னதும் இல்லை. இது மிசோஃபோனியா, 2001-ல்தான் இந்தப் பெயரே வந்தது. இங்கே ஒலியின் அளவு பிரச்னை இல்லை, குறிப்பிட்ட சில ஒலிகள் மட்டுமே கோபத்தைக் கிளப்பும். சாப்பிடும்போது டிவியோ பாட்டோ மெதுவாக ஓடட்டும், தாங்க முடியாத அன்றைக்குத் தனியாகச் சாப்பிட விடுங்கள், திட்டாதீர்கள். படிப்பு கெடுகிற அளவுக்குப் போனால் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள்.